பக்கத்திரையில் ஒரு செருமல்

என் கணவர் வீட்டில் எங்கே இருக்கிறார் என்று நான் தேடியதில்லை. தீபாவளியையொட்டி வரும் காளி பூஜை முடிந்துவிட்டால் தேடவேண்டிய அவசியமும் இருக்காது. குளியலறையில் இருந்தால் அந்தச் செருமல் கொஞ்சம் எதிரொலிக்கும். சமையலறையில் என்றால் பாத்திரங்களுக்கு நடுவே மொட்டையாகக் கேட்கும். பால்கனியிலிருந்து வந்தால் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் காகம் எழுந்து பறக்கும். க்ஹும். பிறகு ஒரு இடைவெளி. மறுபடியும் க்ஹும், க்ஹும். முதல் செருமலில் இருந்த நம்பிக்கை அடுத்தவற்றில் இருக்காது.

நான் அதிகம் பேசாதவள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலோரம் புத்தகத்தோடு உட்கார்ந்தால், ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பாமல் வெகுநேரம் அப்படியே இருப்பேன். படிப்பதைவிட அந்தத் திருப்பாத நேரம்தான் எனக்குப் பிடித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து அறையிலிருந்து க்ஹும் வரும்.

"தொண்டையில ஏதோ உக்காந்திருக்கு ரேணு. விழுங்கினா இறங்கமாட்டேங்குது, துப்பினா வரமாட்டேங்குது."

"காலி பண்ணாத நம்ம கீழ்வீட்டுக் குடித்தனக்காரர் மாதிரின்னு சொல்லுங்க."

"சிரிக்காதே. இந்தத் தடவை விஷயம் பெரிசு."

பெரிசுதான். நீலாத்ரி பாக்சி என்ற என் கணவர், கல்கத்தா நீர்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் யாராவது அவரிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டால், "நாடகத்துல இருக்கேன்" என்றுதான் சொல்வார். மேடையில் அவரை யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு முக்காலியில், மடியில் பிரதியும் கையில் சின்ன டார்ச்சுமாக உட்கார்ந்து, வசனம் மறந்தவர்களுக்கு மெல்ல எடுத்துக்கொடுப்பது அவர் வேலை. சம்பளம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த முக்காலியோடு நான் போட்டி போட்டு வருகிறேன். ஜெயித்ததில்லை.

குழுவின் பெரிய நடிகர், எல்லோருக்கும் அண்ணனான ரமாபதி-தா. வசனத்தை முழுசாகப் பாடம் பண்ணும் வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே அவருடைய மௌனங்கள்தான். வசனத்தின் நடுவில் நிறுத்துவார். ஜன்னல் பக்கம் பார்ப்பார். நெற்றியில் ஒரு கோடு விழும். அரங்கம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும். அப்புறம் அந்த வரி வரும். அவருடைய மௌனத்துக்குள் ஒரு தலைமுறையின் துயரம் இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். அதற்குள் என் கணவர் இருந்தார் என்பது குழுவுக்கு மட்டும் தெரியும்.

இந்த நவம்பரில் ஒரு புதிய அரங்கத்தில் நாடகம் போட்டார்கள். அங்கே மேடையின் தரையிலேயே மைக்குகள் பதித்திருந்தார்கள். எலி ஓடினால்கூடக் கேட்கும். ரமாபதி-தா நிறுத்தினார், ஜன்னலைப் பார்த்தார், நெற்றியில் கோடு விழுந்தது. க்ஹும் என்று அரங்கம் முழுக்க ஒரு சத்தம். அப்புறம் வசனம். அடுத்த மௌனத்திலும் அதே. மூன்றாவது மௌனம் வந்தபோது, முன்வரிசையில் யாரோ ரமாபதி-தாவுக்கு முன்பாகவே செருமிக் காட்டினார்கள். அரங்கம் சிரித்துவிட்டது. சாவு நடக்கிற காட்சி அது.

மறுநாள் குழுவை நடத்தும், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் கேதகி-தி எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் கொடுத்த தேநீரை முழுசாகக் குடித்து முடித்தபிறகுதான் பேசினார்.

"நீலாத்ரி, டிசம்பர் கடைசியில அதே அரங்கம். அதே மைக்கு. அதுக்குள்ள உன் தொண்டையைச் சரி பண்ணிக்கோ. இல்லேன்னா அன்னிக்கு முக்காலியில அந்தப் பையன் நிர்மால்யா உக்காரட்டும்."

"நிர்மால்யாவுக்கு ரமாபதி-தா எங்க நிறுத்துவார்னு தெரியாதே."

"தெரிஞ்சுக்குவான். அவனுக்குத் தொண்டை சுத்தமா இருக்கு."

கேதகி-தி போனபிறகு என் கணவர் பால்கனிக்குப் போய் நின்றார். வெகுநேரம் செருமவே இல்லை. அடக்கிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தது. எனக்குப் பிடித்த மௌனங்களில் அது சேரவில்லை.

அன்றிலிருந்து ஊரே வைத்தியரானது. குழுவில் எல்லோருக்கும் நான் பௌதி, அதாவது அண்ணி. அதனால் எல்லோருடைய வைத்தியமும் என் வழியாகத்தான் வந்தது. ஒத்திகை நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் சுடச்சுடப் பொரித்த முட்டை சாப் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். மண்கோப்பையில் தேநீரை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

"பனிதான் பௌதி. தலையில பனி இறங்கிருச்சு. அது மூக்கு வழியா வராம பின்பக்கமா தொண்டைக்குச் சொட்டுது," என்றான் ஒளியமைப்புப் பார்க்கும் பொல்ட்டு.

"பனி இல்ல, தயிர். கல்யாண வீட்டுல மிஷ்டி தோய் ரெண்டு பானை சாப்பிட்டார், நான் பார்த்தேன்," என்றாள் கதாநாயகியாக நடிக்கும் சுதேஷ்ணா.

"ஒரு பானைதான்," என்றார் என் கணவர்.

"வாழைப்பழம். ராத்திரி வாழைப்பழம் விஷம்."

"ஃபேனை நிறுத்தினீங்களா?"

"பூஜைக்கு முன்னாடியே நிறுத்தியாச்சு," என்றேன் நான். அது பொய். எனக்கு ஃபேன் வேண்டும்.

ரமாபதி-தா மட்டும் தன் முட்டை சாப்பைத் தின்று முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு விரலைத் துடைத்துக்கொண்டு, "அவனுக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் நல்லா மூடிக்கணும். அவ்வளவுதான்," என்றார். தன் கழுத்திலிருந்த சால்வையை எடுத்து என் கணவர் தோளில் போட்டார். அதற்கு ஒரு பழைய அலமாரியின் வாசனை இருந்தது.

இவர் ஏற்கெனவே மூடித்தான் இருந்தார். காளி பூஜைக்கு மறுநாள் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுப்பது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு. அதற்குள் குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் அந்துருண்டைகளோடு கோடையெல்லாம் தூங்கும். மஃப்ளர் நாங்கள் தேனிலவுக்குப் போனபோது தார்ஜிலிங்கில் வாங்கியது. அன்றிலிருந்து அது தண்ணீரைப் பார்த்ததில்லை. துவைத்தால் கம்பளியின் சூடு போய்விடும் என்பது அவருடைய கொள்கை. அவருடைய அப்பாவின் கொள்கையும் அதுதான். அந்த மஃப்ளரைக் கழுத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, குரங்குக் குல்லாவை மாட்டி, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய அவர் காய்கறி வாங்கப் போவார். அப்போது வெளியே, ஒரு மெல்லிய சட்டை போட்டால் போதும் என்கிற அளவுக்குத்தான் குளிர் இருக்கும்.

ஹோமியோபதி உருண்டைகள் வந்தன. துளசிச் சாறு வந்தது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த ஒரு மூக்குச் சொட்டு மருந்தை இவர் வாரக்கணக்கில் விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றினால் ஒரு மணி நேரம் மூக்கு திறக்கும். பிறகு முன்பைவிட இறுக்கமாக மூடிக்கொள்ளும். செருமல் குறையவில்லை. டிசம்பர் பிறந்துவிட்டது. நிர்மால்யா ஒத்திகைக்கு ஒரு புதுப் பேனாவோடு வந்து என் கணவருக்குப் பின்னால் உட்கார ஆரம்பித்தான்.

கடைசியில் நான்தான் அவரை டாக்டர் ஷாஹீன் ஹக்கிடம் கூட்டிப்போனேன். காது மூக்கு தொண்டைக்காரர். என் மகள் வயது. அறைக்குள் ஒரு பழைய சுவர்க்கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த அறை பிடித்திருந்தது.

"சொல்லுங்க காக்கு," என்றார். பெரியவர்களைச் சித்தப்பா என்று கூப்பிடும் பழக்கம் இன்னும் போகாத பெண்.

"தலையில பனி இறங்கிருச்சு டாக்டர். ஏகப்பட்ட சளி."

"பனி தலைக்குள்ள இறங்காது. எலும்பு இருக்கு. சளி எல்லாருக்கும்தான் நாள் முழுக்க ஊறுது. எனக்கும் ஊறுது, இதோ இந்தக் காக்கீமாவுக்கும் ஊறுது. தெரியாமலே விழுங்கிட்டே இருக்கோம். அது கெட்டியாகிட்டாலோ அதிகமாகிட்டாலோதான், பின்பக்கமா சொட்டுதுன்னு தொண்டைக்குத் தெரியவருது." டாக்டர் விளக்கை என் கணவர் மூக்குக்குள் காட்டினார். "உள்ளே வெளுத்து வீங்கியிருக்கு. ஜலதோஷம் மாதிரி இல்ல. எதுவோ ஒத்துக்கலை. வருஷா வருஷம் எப்ப ஆரம்பிக்கும்?"

"காளி பூஜை முடிஞ்சதும்."

"பட்டாசுப் புகை, குளிர்காலக் காத்து, அதெல்லாம் உண்டு. அதோட வீட்டுல புதுசா என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது," என்றார் இவர்.

"பெட்டியைத் திறப்பார்," என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு இவருடைய கழுத்தைப் பார்த்தார். "அதைக் கொஞ்சம் கழட்டுங்க காக்கு."

அவர் தயங்கினார். பிறகு ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று என்று அவிழ்த்தார். மேசை விளக்கின் வெளிச்சத்தில் தூசு மெதுவாக எழுந்து மிதந்தது. டாக்டர் இரண்டு தரம் தும்மினார்.

"இது எப்ப துவைச்சது?"

சுவர்க்கடிகாரம் பேசியது.

"வருஷம் பூரா பெட்டியில தூசியும், கண்ணுக்குத் தெரியாத பூச்சியும் சேர்த்து வளர்த்திருக்கீங்க. அதை எடுத்து மூக்குக்குக் கீழேயே கட்டிட்டு நாள் முழுக்கச் சுவாசிக்கிறீங்க. குளிர் வந்துரும்னு பயந்து வியாதியையே போர்த்திக்கிட்டிருக்கீங்க." கோபமாகச் சொல்லவில்லை. வாய் ஓரத்தில் சிரிப்பு இருந்தது. "அந்த மூக்குச் சொட்டு மருந்தை இன்னியோட நிறுத்துங்க. நாலஞ்சு நாளைக்கு மேல போட்டா அதுவே மூக்கை அடைக்கும். ராத்திரி எப்ப சாப்பிடுவீங்க?"

"ஒத்திகை முடிஞ்சு வந்து. லூச்சி, கஷா மாங்ஷோ, அப்பறம் படுக்கை."

"அந்த எண்ணெய்ப் பூரியும் மட்டன் குழம்பும் சாப்பிட்டு உடனே படுத்தா வயித்துப் புளிப்பு தொண்டைக்கு ஏறிவரும். அதுவும் செரும வைக்கும். சாப்பாட்டைக் கொஞ்சம் சீக்கிரமா முடிச்சுக்கோங்க. உப்புத் தண்ணியால மூக்கைக் கழுவுங்க. நான் ஒரு ஸ்ப்ரே தரேன். மஃப்ளரைச் சுடுதண்ணியில துவைங்க."

"சுடுதண்ணியில போட்டா சுருங்கிரும்," என்றார் என் கணவர். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"சுருங்கட்டும். கல்கத்தாக் காத்தை என்னால துவைக்க முடியாது காக்கு. மஃப்ளரைத் துவைக்கலாம்."

துவைத்தேன். தண்ணீர் பால் சேர்க்காத தேநீர் நிறத்தில் வந்தது. அடுத்த தண்ணீரும் அப்படியே. மொட்டைமாடிக் கொடியில் அது தொங்கியபோது கைக்குட்டையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்தது. அவர் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். பக்கத்து மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த பெண், "என்ன பௌதி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

குரங்குக் குல்லாவும் கொதிதண்ணீருக்குள் போயிற்று. ரஜாய் போர்வையை வெயிலில் போட்டேன். தகரப் பெட்டியைக் காலி செய்தேன். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. சொட்டு மருந்தை விட்டதில் மூக்கடைப்பு அதிகமாகி, வாயைத் திறந்துகொண்டு என்னைக் குற்றவாளிபோலப் பார்த்தார். பிறகு ஒரு மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, ஒரு பக்கத்தைப் படித்து, திருப்பாமல் வைத்திருந்து, வெளியே நிழல் சுவரில் ஏறுவதைப் பார்த்து, அப்புறம்தான் கவனித்தேன். எந்தச் சத்தமும் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அவர் பக்கத்து அறையில்தான் பிரதியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. இருக்கீங்களான்னு பார்த்தேன்."

"எங்க போவேன், கழுத்து மொட்டையா இருக்கிறவன்."

வெற்றியோடு ஒத்திகைக்குப் போனார். நானும் போனேன், அவருடைய கழுத்தைக் காவல் காக்க. ரமாபதி-தா இரண்டாம் அங்கத்தில் நிறுத்தினார். ஜன்னலாக வைத்திருந்த நாற்காலியைப் பார்த்தார். நெற்றியில் கோடு. இவர் சுத்தமான தொண்டையால் தெளிவாக வரியை எடுத்துக்கொடுத்தார். ரமாபதி-தா அசையவில்லை. மறுபடி கொடுத்தார். அசையவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த நிர்மால்யாவுக்கே கேட்டுவிட்டது.

"என்ன ரமாபதி-தா, காது கேக்கலையா?" என்றார் கேதகி-தி.

"அவன் எங்க கொடுத்தான்? செருமவே இல்லையே."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"வருஷக்கணக்கா அப்படித்தானே. க்ஹும்னு வரும். நான் காதை அந்தப் பக்கம் திருப்புவேன். வசனம் வரும். அது இல்லாம, நான் பாட்டுக்கு சோகத்துல நின்னுட்டிருந்தேன்."

கேதகி-தி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். செருமினால் மைக்கில் கேட்கும், செருமாவிட்டால் ரமாபதி-தாவுக்குக் கேட்காது. கட்டையைத் தட்டலாமா என்றால் அதுவும் மைக்கில் விழும். டார்ச்சை அடிக்கலாமா என்றால் ரமாபதி-தா கண்ணாடி இல்லாமல்தான் நடிப்பார். கடைசியில், "நான் வசனத்தைப் பாடம் பண்ணிடறேன்," என்றார் ரமாபதி-தா. அதைக் கேட்டுச் சுதேஷ்ணா சிரித்த சிரிப்பை அடக்க ஒரு கோப்பைத் தேநீர் வேண்டியிருந்தது.

"நீலாத்ரி," என்றார் கேதகி-தி, "இந்த ஒரு தடவை நீயே உக்காரு. ஒழுங்கா நடந்தா முக்காலி உன்னோடது. நடக்கலேன்னா அடுத்த நாடகத்துல நிர்மால்யா உக்காரட்டும்."

நாடகத்தன்று உண்மையாகவே குளிர் அடித்தது. நான் ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனேன். பக்கத்திரை அருகே முக்காலியின்மேல் ஒரு துணிமூட்டை இருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் அதற்குள் என் கணவர்.

"வேண்டாம்னு சொன்னேன் ரேணு. யாரும் கேக்கல."

"இன்னிக்கு முக்கியமான நாள் பௌதி, வெறும் கழுத்தோட வந்திருக்கார். விடமுடியுமா?" என்றான் பொல்ட்டு. அவனுடைய மஃப்ளர் மேலே இருந்தது. அதற்கடியில் சுதேஷ்ணாவுடையது, அதற்கடியில் ரமாபதி-தாவின் அலமாரிச் சால்வை. எல்லாவற்றுக்கும் அடியில், முக்காலிக்குக் காத்திருந்த நிர்மால்யாவின் புது மஃப்ளர்கூட இருந்தது. அந்தப் பையன்மேல் இருந்த கோபம் எனக்கு அப்போதே போய்விட்டது. எல்லோர் வீட்டுத் தகரப் பெட்டியும் என் கணவர் கழுத்தில் இருந்தது.

ஒவ்வொன்றாக உருவினேன். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது. வெந்நீரைக் கொடுத்தேன். "அடக்கிக்கோங்க," என்று சொல்லிவிட்டு மூன்றாவது வரிசையில் என் இடத்துக்குப் போனேன்.

முதல் அங்கம் பிழையில்லாமல் போயிற்று. ரமாபதி-தா நிஜமாகவே பாடம் பண்ணியிருந்தார். இரண்டாம் அங்கத்தில் வீட்டை விட்டு ஓடிப்போன மகன் வாசல் கதவைத் தட்டவேண்டும். தட்டினான். ரமாபதி-தா திரும்பினார். நின்றார். ஜன்னலைப் பார்த்தார். அரங்கம் மூச்சை அடக்கியது. நெற்றியில் கோடு விழுந்தது. நான் அந்த முகத்தை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இது நடிப்பு இல்லை. வரி போய்விட்டது.

பக்கத்திரையின் இடுக்கில் என் கணவரின் உதடுகள் அசைவது தெரிந்தது. கொடுத்தார். மறுபடி கொடுத்தார். ரமாபதி-தா துயரத்தோடு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். இவருடைய கை தொண்டைக்குப் போனது, செருமிவிடலாம் என்று. பிறகு தரையிலிருந்த மைக்கைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

மௌனம் நீண்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய, அவ்வளவு நிறைந்த மௌனத்துக்குள் நான் உட்கார்ந்ததில்லை. அதைக் கலைக்க எனக்கு மனமே வரவில்லை.

க்ஹும், என்றேன்.

ரமாபதி-தாவின் காது பக்கத்திரைப் பக்கம் திரும்பியது. என் கணவரின் உதடுகள் இன்னொரு தரம் அசைந்தன.

"வந்தது யாரா இருந்தாலும்," என்றார் ரமாபதி-தா மெதுவாக, "முதல்ல உக்காரச் சொல்லு."

எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சி அழுதார்கள். பக்கத்து இருக்கையிலிருந்த முன்பின் தெரியாத பெரியவர் என் பக்கம் குனிந்தார். "பனி பட்டிருக்கும்மா," என்று கிசுகிசுத்து, தன் கழுத்திலிருந்து மஃப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றிவிட்டார். நாடகம் முடியும்வரை கழற்ற முடியவில்லை. அவர் அவ்வளவு அக்கறையோடு அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்குகள் எரிந்ததும், வெளியே போகும்வரை போட்டுக்கொள், கதவருகே தன் மகனிடம் கொடுத்துவிட்டால் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

மேடைக்குப் பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ரமாபதி-தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பத்திரிகைக்காரர், கதவு தட்டியபிறகு வந்த அந்த மௌனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். ரமாபதி-தா அடக்கத்தோடு தலையசைத்தார்.

கேதகி-தி என்னிடம் வந்தார். "மூணாவது வரிசைதானே பௌதி?"

"ஆமா."

"அடுத்த நாடகத்துக்கும் அந்த இருக்கையை யாருக்கும் விக்க வேண்டாம்னு சொல்லிடறேன்." பிறகு என் கணவரிடம் திரும்பி, "முக்காலியை நீயே வண்டியில ஏத்திடு. உன்னோடதுதானே," என்றார்.

அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், என் கழுத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முக்காலியைக் கீழே வைத்தார்.

"இது யாரோடது?"

"தெரியாது. பக்கத்துல இருந்தவர் கொடுத்தார்."

"துவைச்சதா?"

"நான் எப்படிக் கேக்கிறது?"

"கழட்டு ரேணு," என்றார் மிகுந்த கண்டிப்போடு. தானே ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று அவிழ்க்க ஆரம்பித்தார்.

என் தொண்டையில் ஏதோ உட்கார்ந்திருந்தது. விழுங்கிப் பார்த்தேன்.